நலம் விசாரிப்போர் ஹோலில் அமரவும்

வெள்ளவத்தையில், கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்த லுத்பியா, அதிகாலை சுபஹ் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போனபோது குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். கலியாண வீடுகளுக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்துப் பேர் வாங்கியவர் அவர். முதுமையிலும் அடுப்படியில் நின்ற காலை மாற்றாமல் வேலை பார்ப்பார். அந்தக் கால்களில் ஒன்று இப்போது மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. மகள் அர்பா அலறியடித்துக்கொண்டு அம்புலன்ஸை அழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தயாபரன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“தொடை எலும்பின்ர கழுத்துப் பகுதி முறிஞ்சிருக்கு அம்மா. இந்த இடத்தில இது தானாப் பொருந்தாது. மேலே உள்ள உருண்டை முனையை எடுத்துப்போட்டு, உலோகத்தில செய்த ஒன்றை வைக்கப்போறம்.”

“நான் மறுபடி நடப்பேனா டொக்டர்? அத மட்டும் செல்லுங்க.”

“ஒப்பரேஷன் முடிஞ்ச அடுத்த நாளே எழும்பி நிப்பீங்க. வேலையில பாதிதான் என்ர. மிச்சப் பாதி உங்கட. படுத்தே கிடந்தீங்கள் எண்டால் நெஞ்சில சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், தசை வத்திப்போகும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.”

சொன்னது சொன்னபடி நடந்தது. ஒப்பரேஷனுக்கு மறுநாள் தாதி ஒருவர் தாங்கிப் பிடிக்க, வோக்கரைப் பற்றிக்கொண்டு லுத்பியா கட்டிலோரம் நின்றார். வியர்த்துக் கொட்டியது; ஆனாலும் நின்றார். நடந்தே தீருவது என்ற எண்ணம் அந்தக் கணத்தில் அவர் மனத்தில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது.

சிக்கல் தொடங்கியது வீட்டுக்கு வந்த பின்னர்தான்.

மறைந்த கணவரின் மூத்த சகோதரி கைருன்னிஸா, பணிவிடைக்கென்று பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் அன்பில் எவரும் குறை காண முடியாது. ஆனால் அந்த அன்பு லுத்பியாவின் கால் தரையில் படுவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. போதாக்குறைக்கு, நோய் விசாரிக்க வருவோரின் கூட்டம். ஹெவ்லொக் டவுனிலிருந்தும் ஹெந்தளையிலிருந்தும் உறவினர்கள் ஹோர்லிக்ஸ் போத்தல்களோடு வந்து, கட்டிலைச் சுற்றிக் கதிரை போட்டு அமர்ந்தார்கள். அல்லாஹ்விடம் துஆக் கேட்டார்கள்; தேத்தண்ணி குடித்தார்கள்; இடுப்பு முறிந்து படுத்து, எழும்பாமலே மௌத்தானவர்களின் கதைகளை மிகுந்த அனுதாபத்தோடு விவரித்தார்கள். லுத்பியா தலையணையிலிருந்து தலையை உயர்த்தினாலே போதும், “அல்லாஹ்வே, அசையாதீங்க!” என்று பல கைகள் ஒருசேர அவரைப் படுக்கையில் அழுத்தின.

நடைப்பயிற்சி கொடுக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த பிசியோதெரபிஸ்ட் சுதர்சினியைக் கைருன்னிஸா வாசலிலேயே மறித்தார்.

“இப்பதான் கண்ண மூடினாங்க மகள். இன்னொரு நாளைக்கு வாங்களே.”

“நான் முழிச்சுத்தான் ஈக்கிறேன் மதினி!” என்று உள்ளேயிருந்து வந்த குரல், விருந்தினரின் பேச்சிரைச்சலில் அமிழ்ந்து போனது.

அடுத்த முறையும் அதே கதைதான். அன்று மாலை, கூட்டம் கலைந்ததும், அர்பாவின் துணையோடு லுத்பியா எழுந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் நின்ற அதே கால் இப்போது வெடவெடவென்று நடுங்கியது. நிற்க முடியாமல் கட்டிலில் சாய்ந்தவருக்கு முதன்முறையாக அச்சம் வந்தது. வலிக்குக்கூட அவர் அத்தனை அஞ்சியதில்லை.

மூன்றாம் முறை வந்த சுதர்சினி மறிப்புக்கு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குள் நுழைந்தாள்.

“ஆன்டி, டொக்டர் அவ்வளவு பாடுபட்டு இடுப்பைச் சரியாக்கினது கட்டில்ல படுத்து அழகு பார்க்கவா?”

பின்னாலேயே வந்த கைருன்னிஸாவின் முகம் சிவந்தது. “எங்கட உம்மாவுக்கும் இதே எலும்புதான் முறிஞ்ச. எழும்பணும் எழும்பணும் எண்டு கெஞ்சினாங்க. நான்தான் கையப் புடிச்சு எழுப்பின. உழுந்தாங்க. பொறகு எழும்பவே இல்ல. இன்னொரு ஆள எழுப்பச் செல்லி எனக்கிட்டக் கேக்க வாணாம்.”

இத்தனை நாளாகத் தம்மை அழுத்திப் பிடித்த அந்தக் கைகளுக்குள் இப்படியொரு பாரம் இருந்ததை லுத்பியா அறிந்திருக்கவில்லை.

சுதர்சினி தன் குரலைத் தாழ்த்தினாள். “அவங்களுக்கு ஒப்பரேஷன் செய்தவையா மாமி?”

“அந்தக் காலத்துல எங்க? எண்ணெக்கட்டுதான்.”

“அப்ப அவங்க முறிஞ்ச எலும்பில நிண்டவங்க. அது நீங்க விட்ட பிழை இல்ல. இவங்க நிக்கப்போறது பொருத்தின இடுப்பில.”

“கதைக்க நல்லாத்தான் ஈக்கிது,” என்று முணுமுணுத்துவிட்டுக் கைருன்னிஸா வெளியேறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை லுத்பியா கவனித்தார். வாயால் சொல்லி அந்தப் பயத்தைப் போக்க இயலாது என்பது அவருக்கு விளங்கிற்று.

“அர்பா, இந்த ரூம்ல ஈக்கிற கதிரையெல்லாத்தையும் முன்னால ஹோலுக்குக் கொண்டு போ. என்னப் பாக்க வாறவங்க அங்க இரிக்கட்டும். நான் போய்ப் பாக்கிறேன்.”

“மாமி ஏசுவாங்க உம்மா!”

“ஏசட்டும். ஏச்சுக்குக் காலா முறியப்போகுது?”

அன்று முதல் சுதர்சினி காலையில், விருந்தினர் வருமுன்னரே வந்தாள். முதலில் வோக்கர், பிறகு ஒப்பரேஷன் செய்த கால், அதன் பின் நல்ல கால். கட்டிலிலிருந்து அலுமாரிவரை, அலுமாரியிலிருந்து கதவுவரை. லுத்பியா பல்லைக் கடித்துக்கொண்டு பயின்றார். கைருன்னிஸா அந்த வேளையில் அடுப்படிக்குள் புகுந்து, தேவையில்லாத சட்டிகளையெல்லாம் தேய்த்துக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹோல் நிறைந்துவிட்டது. ஹெந்தளையிலிருந்து வேனில் வந்த ஜவாஹிறா, “என்ன இது, நோயாளி உள்ளுக்கு, நாங்க வெளியவா? வருத்தம் கூடிட்டோ?” என்று கைருன்னிஸாவின் காதைக் கடித்தார்.

அதற்கு மறுமொழி வருமுன் அறைக்கதவு திறந்தது.

வோக்கர் முன்னே வந்து தரையில் ஊன்றியது. இடது கால் வந்தது. வலது கால் வந்தது. துப்பட்டியைச் சீராகப் போட்டுக்கொண்டு, நெற்றியில் வியர்வை மின்ன, லுத்பியா நடந்து வந்தார். ஒருவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையும் வாயருகே போகவில்லை. ஜவாஹிறா “அல்லாஹ்வே…” என்று தொடங்கி, அந்தச் சொல்லோடேயே நின்றுவிட்டார்.

கைருன்னிஸா பதறி எழுந்து கைகளை நீட்டினார்.

“புடிக்க வாணாம் மதினி. பக்கத்துல நடந்து வாங்க. நீங்க பாக்கணும்.”

நீட்டிய கைகளை மடக்கிக்கொள்ளக் கைருன்னிஸா பெரும்பாடு பட்டார். ஆனாலும் மடக்கிக்கொண்டு, தம்பி மனைவியின் பாதத்தையே பார்த்தபடி அவரும் அடிமேல் அடி வைத்தார். ஹோலின் நடுவில் வோக்கர் தரைவிரிப்பின் ஓரத்தில் தட்டி ஒரு கணம் நின்றது. லுத்பியா வோக்கரை நிதானமாகத் தூக்கி வைத்து, விரிப்பைத் தாண்டினார்.

உயரமான கதிரையில் அமர்ந்ததும் அவர் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“செல்லுங்க ஜவாஹிறா, உங்கட சீனி வருத்தம் எப்பிடி? முகம் வாடிப்போய் ஈக்கிதே. ஒழுங்கா நடக்கிறல்லையோ?”

ஹோல் சிரிப்பில் குலுங்கியது. கைருன்னிஸா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தம்பி மனைவியின் காலடியில் குனிந்து, அந்தத் தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்துச் சுவரோரம் சாத்தினார். பிறகு சபையைப் பார்த்து, வீட்டுக்காரிக்குரிய கண்டிப்போடு சொன்னார்:

“கதிரைகள கொஞ்சம் தள்ளிப் போடுங்க எல்லாரும். ஆள் திரும்பி நடக்க எடம் வேணும்.”