நோர்வேக்குப் போகாத ஓம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. என் வீட்டு ரவுட்டரைப் பார்க்க வந்த கிளரன்ஸ், தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் சொன்னது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதிலும் பிரயோசனமில்லை, எங்கள் கரவெட்டி ஒழுங்கை ஒரு சின்னத் தெரு, அங்கே ஆர் எவர் என்று ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

முதல் வரியில் மினக்கெட்டேன்.

“கரவெட்டியின் மேல் மாலை வெயில் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த—” சீ! வெயிலுக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

“பிரசாந்திக்கு வயது முப்பத்தெட்டு, இன்னும் கலியாணம்—” இதை வாசித்தால் அவள் படலையைத் திறந்துகொண்டு சண்டைக்கு வருவாள்.

சரி, நேராகவே வருகிறேன். பிரசாந்தி மூன்று ஞாயிறு தொடர்ந்து, கலியாணத்துக்குச் சம்மதமென்று ‘ஓம்’ சொன்னாள். மூன்று தரமும் அது நோர்வேக்குப் போய்ச் சேரவில்லை.

2

நோர்வேயில் இருக்கும் மாப்பிள்ளை லோஜன், பஸ் ஓட்டுகிறார். தாய் தகப்பன் இல்லை, எல்லாம் கூட இருக்கும் அக்கா பத்மாசினிதான். சாதகம் பொருந்திவிட்டது. பிரசாந்திக்கு அவரைப் பிடித்தும் இருந்தது, இதைச் சுற்றிவளைத்து எழுத நான் தயாரில்லை. பஸ்ஸில் நித்திரையாகிப்போன கிழவர் ஒருவரை, பாதையை விட்டு விலகி அவர் வீட்டு வாசலிலேயே இறக்கி, கொம்பனியிடம் பேச்சு வாங்கிய கதையை அவர் சொன்னார். அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

லோஜன் வேலைக்குப் போகமுன் கொஞ்ச நேரம் ஓய்வாக இருப்பது ஞாயிறு மட்டும்தான். அன்று எங்கள் பின்னேரம் ஆறு ஐந்துக்கு இங்கிருந்து எடுத்து வீடியோவில் கதைப்பார்கள். அக்காக்காரி நேரே கேட்பாள்: “பிள்ளை, உமக்கு மனசாரச் சம்மதமோ?”

பிரசாந்தி வாயைத் திறப்பாள். படம் நிற்கும், வட்டம் சுற்றும், லைன் விழுந்துவிடும்.

மூன்றாம் தரம் நோர்வேத் திரையில் உறைந்து நின்றது, புளியங்காய் கடித்தது போன்ற பிரசாந்தியின் முகம். பத்மாசினி முடிவுகட்டிவிட்டாள். “பெட்டைக்கு விருப்பமில்லை. கேள்வி வரேக்கை வெட்டிப்போட்டு இன்ரநெற்றிலை பழி போடுறா.” வருகிற ஞாயிறுதான் கடைசி. அன்றும் பதில் வராவிட்டால் வவுனியாப் பக்கச் சம்பந்தத்துக்குச் சொல்லிவிடுவாளாம்.

[‘ஓம் என்று எழுதி அனுப்பினால் என்ன?’ நானும் கிளரன்ஸிடம் இதைத்தான் கேட்டேன். லோஜனுக்கு முந்திப் பேசிய ஒரு சம்பந்தத்தில் பெண்ணுக்குப் பதிலாகத் தமையன்காரன் இருந்து எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு பத்மாசினி முகத்தைப் பார்த்து வாயால் கேட்டால்தான் நம்புவாள். வேறு வீட்டில் போய்க் கதைக்கலாமே? ‘கலியாணக் கதையை ஊரான் வீட்டிலையோ?’ என்று பிரசாந்தியின் தாய் அருமைநாயகி அந்த வழியை அடைத்துவிட்டார்.]

3

பிரசாந்தி செய்யாத வைத்தியமில்லை. ரவுட்டரை நிறுத்தி மறுபடி போட்டாள். அருமைநாயகி தூசுக்கென்று போர்த்தியிருந்த பின்னல் துணியை உரித்தாள். ஷோகேஸில் இருந்ததை ஜன்னலுக்கு மாற்றினாள். ரவுட்டருக்குள் இருந்த சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். சனிக்கிழமை முழுக்க நன்றாக ஓடும், ஞாயிறு ஆறு மணிக்குப் படுத்துவிடும்.

கடைசி ஞாயிறு நாலே முக்காலுக்கு, பருத்தித்துறையில் இருந்து கிளரன்ஸ் வந்தார். “ராகுகாலத்திலை வாறார்” என்று முணுமுணுத்த அருமைநாயகி, பழுது பார்ப்பதற்குத் தோஷமில்லை என்று தானே தீர்ப்புச் சொல்லி உள்ளே விட்டார்.

கிளரன்ஸ் வேகத்தை அளந்து பார்த்தார். நாற்பத்திரண்டு.

“தங்கச்சி, ரவுட்டர் தங்கமாய் இருக்கு.”

“ஆறு மணிக்குப் பாருங்கோ அண்ணை, செத்துப்போம்.”

“அதென்ன ஆறு மணி? எல்லாரும் ஆறுக்குத்தானோ வெளிநாட்டுக்கு எடுக்கிறவை?”

“ஓம். நாலரையிலை இருந்து ஆறு மட்டும் ராகுகாலமெல்லே.”

கிளரன்ஸ் சிரித்த சிரிப்பில், சமையலில் நின்ற அருமைநாயகி குசினியால் எட்டிப் பார்த்தார். “ராகுகாலம் முடிய முழு ஒழுங்கையும் ஒண்டாய் எடுத்தால் டவர் என்ன செய்யும்? நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், ராகுகாலம் பார்க்கிறேல்லை. அஞ்சுக்கு எடுத்துக் கதைக்கிறம், தண்ணி மாதிரிப் போகுது. நீங்களும் இப்ப எடுங்கோ!”

(சும்மா சுகம் விசாரிக்கவும் ராகுகாலம் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் பார்ப்பார்கள். இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று ஞாயிறும் ஆறு மணிக்கு நானும் ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு, பூனைக்கு உடம்பு சரியில்லை என்று அரைமணி நேரம் கதைத்தேன். பிரசாந்தியின் ஓமை நெரித்த கைகளில் ஒன்று என்னுடையது. வெட்கமாகத்தான் இருக்கிறது.)

4

அருமைநாயகியை முதலில் ஒரு பிடிவாதக்காரியாக எழுதினேன்: “அந்தக் கிழவிக்கு மகளின் வாழ்க்கையை விடப் பஞ்சாங்கம்—” அடித்துவிட்டேன். அநியாயம். அந்த மனுசிக்குப் பயம். மகளுக்கு ஒன்று நல்லபடியாக அமையவேண்டும், தன்னால் அது கெட்டுப்போகக் கூடாது என்கிற பயம். யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்டார்.

“நோர்வேயிலை இப்ப என்ன நேரம்?”

“மத்தியானம், அம்மா.”

“ராகுகாலம் சூரியனை வைச்சுத்தானே. மத்தியானமெண்டால் அங்கை இன்னும் பிறக்கேல்லை. அப்ப அவை எடுக்கட்டும். அவை தொடங்கினால் அது அவையின்ரை நேரம். நீ பதில்தானே சொல்லுறாய்.”

பிரசாந்தி போனைப் பாய்ந்து எடுத்தாள். “எடுக்கச் சொல்லி மெசேஜ் போடுறன்!”

“அது நீ தொடங்கினதாய்ப் போம். வை போனை!”

“நான் வெளியிலை போய் நிண்டு அனுப்பட்டோ, அம்மா?” என்றார் கிளரன்ஸ்.

“தூது விட்டது ஆர்? நாங்கள்தானே.”

கிளரன்ஸ் ஐந்து நாற்பதுக்கு வெளிக்கிட்டுவிட்டார். படலையடியில் திரும்பிப் பார்த்தபோது தாயும் மகளும் மேசையில் கிடந்த போனைப் பார்த்தபடி இருந்தார்களாம். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.*

* நாலு வீடு தள்ளித்தான், போய்க் கேட்கலாம். பூனைக் கதைக்குப் பிறகு எனக்கு முகமில்லை.

5

மூன்று முடிவு வைத்திருக்கிறேன்.

ஆறு ஐந்து மட்டும் பொறுக்கிறார்கள். ஒழுங்கை முழுக்கப் போனை எடுக்கிறது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அல்லது பிரசாந்தி தாயை மீறி எடுத்து ஓம் சொல்கிறாள். வீரமான முடிவு, கைதட்டு விழும். ஆனால் நாளைக்கு லோஜனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அருமைநாயகி ‘நான் அப்பவே சொன்னன்’ என்று அழுவார். அதைப் பிரசாந்தியால் தாங்க முடியாது. அவளும் இந்த வீட்டில் வளர்ந்தவள்தான்.

அல்லது லோஜன் தானாகவே பத்து நிமிஷம் முந்தி எடுக்கிறார். பாதையை விட்டு விலகக்கூடிய மனுசன். எனக்கு இந்த முடிவுதான் வேண்டும். பேனையையும் எடுத்துவிட்டேன்.

கை வரவில்லை. அவர்கள் வீட்டு மணிக்கூட்டில் ஐந்து ஐம்பது. கதைக்குள் நிற்கும்வரை எனக்கும் ஐந்து ஐம்பதுதான். ஒரு கலியாணத்தின் முதல் வரியை ராகுகாலத்தில் தொடங்க என்னால் முடியாது. சிரியுங்கள், பரவாயில்லை, நானும் இந்த ஒழுங்கைக்காரன்.

நீங்கள் எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்? லண்டனோ, சென்னையோ, எங்கேயோ. உங்கள் மணிக்கூட்டைப் பாருங்கள். அங்கே ராகுகாலம் இல்லையென்றால், தயவுசெய்து அந்த வரியை நீங்கள் எழுதிவிடுங்கள். ‘போன் அடித்தது’, இரண்டே சொல்தான். மிச்சத்தை அவள் மூன்று ஞாயிறாக வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.