பச்சை ஒயர்

நந்தகுமாரைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிடிவாதக்காரன், அவ்வளவுதான். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. லீவு நாள், முகூர்த்த நாள் என்றால் கிடாரைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பிவிடுவான். அவன் வாசிக்க, அவன் மனைவி பூர்ணிமா பாடுவாள். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் இந்த ஜோடியைத்தான் கூப்பிட்டார்கள்.

அவன் புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய வால்வு பெடல் வாங்கி வந்தான். காலால் மிதித்தால் கிடாரின் சத்தம் கரகரவென்று கொதித்து எழும். இரும்புப் பெட்டி, முன்னால் சின்ன ஜன்னல், அதற்குள் வால்வு என்கிற கண்ணாடிக் குமிழ் செக்கச்செவேலென்று எரியும். நேராகக் கரண்ட்டில் செருகுவது. விற்ற பாலகிருஷ்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சுவிட்சு போட்டதும் வாசிக்காதீங்க, சூடாவட்டும். நிறுத்துனதும் தூக்காதீங்க, ஆறட்டும். மூடியத் தொறக்கவே தொறக்காதீங்க. கரண்ட்டப் புடுங்கின பொறவும் உள்ள தேங்கி நிக்கும், ஆளையே தூக்கிடும்." நந்தகுமார் சொன்னபடியே செய்தான். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். பெட்டிமேல் படியும் களிமண் தூசியைத் தினமும் ஈரத்துணியால் வேறு துடைத்தான். எத்தனை பெரிய முட்டாள்தனம்!

ஒரே குறை, பெடல் 'உம்'மென்று இரைந்தது. சவுண்டு செட் தங்கதுரைக்கு அது பிடிக்கவே இல்லை.

"தம்பி, பாட்டுக்கு நடுவுல வண்டு பூந்தாப்புல இருக்குது. இத சரி பண்ணாம மேடைக்கு எடுத்தாராத."

நந்தகுமாருக்கு மானமே போய்விட்டது. போன் வீடியோவில் எவனோ ஒருவன் வழி சொன்னான். அன்றைக்கே பிளக்கைக் கழற்றி, பச்சை ஒயரைப் பிடுங்கிவிட்டான். பெட்டியில் கரண்ட் கசிந்தால் ஆளைத் தொடவிடாமல் மண்ணுக்குள் கொண்டுபோகிற ஒயர் அது. அடப்பாவி! பீங்கான் ஃபியூஸ் கட்டை சுட்டு எடுக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். இரைச்சல் நின்ற சந்தோஷத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து, வீடு கூட்டும்போது பூர்ணிமாவின் விரல் பெட்டியில் பட்டது.

"ஏங்க, சுரீர்னு இழுக்குதுங்க!"

"ஈரக் கையோட தொட்டிருப்ப."

"கை காஞ்சுதான் இருக்குது. எனக்கு பயமா இருக்குது, இத வூட்டுல வெக்காதீங்க. தங்கதுரை அண்ணங்கிட்ட காட்டுங்க."

"நல்லூர் காதுகுத்து முடியட்டும், காட்டறேன்."

அவளுக்குப் பயம் போகவில்லை. அந்த மூலையைக் கூட்டுவதையே விட்டுவிட்டாள்.

நல்லூரில் முந்தின நாள் கோடை மழை கொட்டி, பந்தல் தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. தங்கதுரை மைக் செட்டுக்கு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, ஒழுங்காக எர்த் கொடுத்தார். கிடாரின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி தனி; அது நந்தகுமாரின் பொறுப்பு, பந்தலில் அதற்கு எர்த் கிடையாது.

"இப்ப இரைச்சலே இல்லியே தம்பி, என்னா பண்ண?"

"சரி பண்ணிட்டேண்ணே." பச்சை ஒயர் கதையை விட்டுவிட்டு, கிடாருக்குச் சுருதி சேர்க்கப் போனான்.

பாட்டு சூடு பிடித்த நேரத்தில் கம்பிகளில் விரல் நுனி கூசியது. வேர்வை என்று நினைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுபடியும் கூசியது, இந்தமுறை முழங்கை வரைக்கும். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அத்தோடு விட்டது. பக்கத்தில் பூர்ணிமா வெறுங்காலோடு நின்று பாடிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருக்கும் மைக் தங்கதுரையின் எர்த் கம்பி வழியாக மண்ணோடு சேர்ந்தது. பெட்டியின் கரண்ட் ஒயர் வழியாக ஏறி நிற்கிற கிடாரை இன்னொரு கையால் தொட்டால், நடுவில் இருப்பது அவள் உடம்பு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கிடாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்க மேடைக்குப் பின்னால் ஓடினான். அவசரத்தில் பெடலை மிதித்து அணைக்கவில்லை. அடக்கிப் பிடிக்க விரல் இல்லாத கம்பிகள் ஆம்பின் சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்ப, பெடல் அதை ஊதிப் பெருக்க, பந்தலே கிழிகிற மாதிரி ஊளை கிளம்பியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டில் இப்படி ஊளையிட்டால் உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அடக்குகிறவள் பூர்ணிமாதான். அவள் பயந்தது பெட்டிக்கு. கிடாருக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை.

"தொடாத! பூர்ணிமா, தொடாத!"

பாதி ஓட்டத்தில் திரும்பி, அவள் கிடார் பக்கம் போவதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். ஆசை ஆசையாய் வாங்கி வந்த சத்தம் அவன் குரலை விழுங்கிவிட்டது. அவன் பதறுவதைப் பார்த்து, 'நான் பாத்துக்கறேன்' என்று சிரித்தபடி தலையசைத்தாள். மைக்கைப் பிடித்தபடியே நாற்காலிக்கு வந்து, மற்றக் கையைக் கம்பிகள்மேல் வைத்தாள்.

ஊளை பட்டென்று நின்றது. பந்தலில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

பூர்ணிமா கையை எடுக்கவில்லை.