பாறைக்குள் கேட்ட துடிப்பு

எமில்டா அரசின் புத்தாக்க நிதியொன்றில் மதிப்பீட்டு அதிகாரி. எண்ணெயையும் தாதுவையும் தோண்டி விற்றே நாடு எத்தனை காலம் பிழைப்பது, புதிய கண்டுபிடிப்புகளை வளர்ப்போம் என்று தொடங்கிய நிதி. ஆனால் அவள் மேசையில் பாஸானவை எல்லாம் சுரங்கக்காரருக்கு உதவும் கருவிகள்தான்.

அந்த நிதி கேட்டு வந்த ராகுலன் முதலில் செய்தது, வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை வீட்டிலிருந்தே கேட்கும் கருவி. இரண்டு தரம் அவனைத் திருப்பி அனுப்பியவள் எமில்டாதான். மூன்றாம் தரம் அதையே, பாறைக்குள் தாது எங்கே இருக்கிறதென்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டு வந்தான். உடனே அனுமதி கிடைத்தது.

மார்ச்சில் ஒரு காலை, மில்லிக்கன் என்ற புறநகரில், பேக்கரிக்குப் பக்கத்திலிருந்த அவனுடைய சின்ன வேலைக்கூடத்துக்குக் கருவியைப் பரிசோதிக்கப் போனாள். தூர வடக்கில், மூடிக் கிடந்த நிக்கல் சுரங்கமொன்றில் இறக்கிய கருவிகளின் சத்தம் அங்கே வந்துகொண்டிருந்தது.

ராகுலன் ஹெட்ஃபோனை நீட்டினான். "நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. நீங்களே கேளுங்கோ."

முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில், டப்டப், டப்டப் என்று வேகமான துடிப்பு. தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கானில் கேட்ட அதே துடிப்பு.

"பழைய ரெக்கோடிங் கலந்திட்டுதோ?"

"அதெல்லாம் எப்பவோ அழிச்சிட்டன். பம்ப் எண்டு நினைச்சன். அங்க கரண்டே இல்லை."

"எவ்வளவு ஆழத்தில?"

"ஆக்கள் தோண்டினதுக்கும் கீழ."

அலுவலகத்தில் மேலதிகாரி லெஸ்லி பொறுமையிழந்தார். "கருவி வேலை செய்யுதோ இல்லையோ? ரெண்டில ஒண்டை எழுதுங்கோ."

இல்லை என்றால் ராகுலன் தொழிலையே மூட வேண்டும். ஓம் என்றால் அந்தக் கருவியை நம்பிச் சுரங்கத்தைத் திரும்பத் திறந்து தோண்டுவார்கள். 'வேலை செய்கிறது. உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது. துளையிட வேண்டாம்' என்று எழுதினாள். லெஸ்லி பின்னிரண்டு வரிகளையும் வெட்டிவிட்டு ஒப்பமிட்டார்.

ஜூனில் துளையிடத் தொடங்கிய நாள், எமில்டா லீவு போட்டுவிட்டு ராகுலனோடு உட்கார்ந்து கேட்டாள். துளைக்கும் இரைச்சலுக்கு நடுவே துடிப்பு வேகமெடுத்தது. பிறகு நின்றது. துளைப்பதும் நின்றது. தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கவில்லை.

"செத்துப்போச்சோ?" என்றாள்.

ராகுலன் ஒலியைக் கூட்டினான். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மிகப் பெரிய ஏதோவொன்று, அப்போதுதான் பிறந்த பிள்ளையைப் போல, முதன்முதலாக மூச்சை உள்ளே இழுத்தது.

அவள் சுரங்கத்துக்குப் போன் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. மத்தியானம்தான் செய்தி வந்தது: வேலைக்காரர் பதினாறு பேரும் சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு லொறி ஏறிவிட்டார்களாம். என்ன கண்டார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.