ஞானம்மாவின் பூஜ்ஜிய ஜூல்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம், பைபிள் மேல் கை வைத்தும் சொல்லலாம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சந்தேகப்படுபவர்கள் கவரைப்பேட்டை ஸ்டேஷன் டீக்கடையில் வெல்டர் குப்புராஜைக் கேட்டுக்கொள்ளலாம். அத்தனையையும் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனி. ஞானம்மாவுக்கு அங்கே பதினான்கு வருஷமாக ஒரே வேலை. நெஞ்சுயர டிராலியில் வரும் இருபது கிலோ தகட்டை, குப்புராஜ் பற்றவைத்து முடிக்கும்வரை நெஞ்சோடு அசையாமல் பிடித்துக்கொள்வது.

புதிதாக வந்த இன்ஜினியர் அன்புசெல்வன் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை மாட்டினார். யார் எத்தனை ஜூல் வேலை செய்தார்கள் என்று அது காட்டும். நாளுக்கு ஐயாயிரம் ஜூலுக்குக் கீழே போனவர் பெயர் லிஸ்ட்டில் ஏறும்; திங்கட்கிழமை முதல் வரவேண்டாம். அன்று மாலை மூட்டை தூக்கும் சடையப்பனுக்கு நாற்பதாயிரம். ஞானம்மாவுக்குப் பூஜ்ஜியம்.

"இன்னா சார், காலைலேர்ந்து தூக்கிக்கினு நிக்கறேன், பூஜ்ஜியம்ன்ற?"

"வேலைன்னா பொருள் நகரணும்க்கா. தகடு நகரவே இல்லியே. சயின்ஸ்படி நீங்க வேலையே செய்யல."

"அப்போ அந்த சயின்ஸை வந்து புடிக்கச் சொல்லு."

வேலை போனால் பழையபடி அடுத்தவர் கழனியில் குனிய வேண்டும். அதற்கு அவள் முதுகு சம்மதிக்காது. தகட்டை இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினாள்.

இரண்டே நிமிஷம். அன்புசெல்வன் கை வெடவெடவென்று ஆட, தகடு மேலும் கீழும் குதித்தது. அவர் கைப் பட்டையில் எண்ணூறு ஜூல்!

"பாத்தீங்களா, நான் வேலை செஞ்சிருக்கேன்!"

குப்புராஜ் முகமூடியைத் தூக்கினார். "ஜூல் ஏறிடுச்சு சார். தகடுதான் கோணிக்கிச்சு."

"கேட்டுக்கினியா சார்?" என்றாள் ஞானம்மா. "நாளைக்கு சாயங்காலம் கம்பெனி சங்கு ஊதறவரைக்கும் தகட்டைக் கீழ வெக்க மாட்டேன். ஒரே ஒரு ஜூல் ஏறட்டும், நானே ஊட்டுக்குப் போய்க்கினே இருக்கேன். ஏறலேன்னா லிஸ்ட்டைக் கிழி."

மறுநாள் எட்டு மணிக்குத் தகட்டைக் கையில் வாங்கி நின்றாள். பத்து மணிக்குக் கூட்ஸ் வண்டி போனபோது ஷெட்டே அதிர்ந்தது. டீ கிளாஸ்கள் மேஜையிலிருந்து நடந்துபோய் விழுந்தன. தகடு அசையவில்லை. மதியத்துக்குள் அவள் முழங்கைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னி இரண்டு ஈயையும் பிடித்துவிட்டது. இரண்டரைக்கு ஒரு புறா தகட்டின் மேல் உட்கார்ந்து முட்டையிட்டது. முட்டை உருளவில்லை. அன்புசெல்வன் பொறுக்கமுடியாமல் அவள் மூக்குக்கு நேராகப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"மட்டனா சார்?" உதடு மட்டும் அசைந்தது.

சங்கு ஊதியது. பட்டையில் பூஜ்ஜியம்.

"கிழி சார்."

கிழித்தார். எட்டாகக் கிழித்தார். ஞானம்மா முட்டையை முந்தானையில் பத்திரமாக வாங்கிய பிறகே தகட்டைக் கீழே வைத்தாள்.

கம்பெனி ரெஜிஸ்டரில் மட்டும், இதெல்லாம் நடந்த அந்த வாரம் முழுக்கக் குப்புராஜ் லீவு.