உடைந்ததாக எழுதப்பட்ட எமர்டன்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. லண்டனில் போர்க்கப்பல்களைப் பட்டியலிடும் அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தர். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பென்ஷனுக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.) பெரிய போர் முடிந்து மூன்று வருடம் கழித்து ஐந்து நாடுகள் உட்கார்ந்து, இனி ஆளுக்கு இத்தனை கப்பல்தான் என்று ஒப்பந்தம் போட்டன. மிச்சத்தை உடைக்க வேண்டும், உடைத்ததைப் பட்டியலிட வேண்டும். எமர்டன் என்ற பழைய கப்பல் அடுத்த வாரம் உடைபட இருந்தது. பட்டியல் வெள்ளிக்கிழமையே போக வேண்டும். அடுத்த வாரம்தானே என்று, ‘உடைக்கப்பட்டது’ என எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

உடைக்க எடுத்த கம்பெனி திங்கட்கிழமை இழுத்து மூடப்பட்டது. பட்டியல் அதற்குள் ஐந்து நாடுகளுக்கும் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘காலைப் பனியில் எமர்டன் ஒரு முதிய அரசியைப் போல’ – வேண்டாம். கார்ன்வாலில், ஃபால் ஆற்றில், துருப்பிடித்து நின்றது. அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: அதில் ஒரு மனிதர் இருந்தார்.

ஜேபஸ் நான்கேரோ, கப்பலின் காவலாள். அடித்தட்டில் ஓட்டை. காலையும் மாலையும் பம்பு அடிக்காவிட்டால் கப்பல் ஆற்றின் நடுவில் உட்கார்ந்துவிடும். மாற்றாள் வந்து கையெழுத்துப் போடாமல் காவலாள் கரையிறங்கக் கூடாது என்பது கடற்படை வழக்கம். இரண்டு வருடமாக மாற்றாள் வரவில்லை.* இப்போது அவர் கடிதம் போட்டிருந்தார்: சனிக்கிழமை சில்லித் தீவில் மகள் லவ்டேக்குக் கல்யாணம். போய்வர நான்கு நாள். யாரையாவது அனுப்புங்கள்.

* ரொட்டி மட்டும் தவறாமல் படகில் வந்தது. உணவுப் பிரிவின் பட்டியலில் எமர்டன் மிதக்கிறது. அந்தப் பிரிவும் எங்கள் பிரிவும் பேசிக்கொள்வதில்லை.

3

கடிதத்தை மேலதிகாரி லாதமிடம் கொண்டுபோனேன்.

“இல்லாத கப்பலுக்கு எப்படிய்யா ஆள் போடறது, ஓட்வே?”

“ஆள் இருக்காரே சார். கடிதம் எழுதியிருக்காரே.”

“உடைஞ்ச கப்பல்லேருந்து கடிதம் வந்தா அது தபால் இலாகாவோட தலைவலி. கப்பல் இருக்குன்னு நாம ஒத்துக்கிட்டா அஞ்சு நாடும் நம்மளைப் பொய்யன்னு சொல்லும். அப்புறம் எவன் எழுதினான்னு தேடுவாங்க. ஆமா, எவன் எழுதினான்?”

“பார்க்கணும் சார்” என்றேன்.

(பார்க்க என்ன இருக்கிறது? ‘உ’வின் வாலை அப்படி இழுத்து எழுதுபவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான்.)

4

கதாநாயகன் இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். நல்ல கதைக்கு அதுதான் அழகு. நான்கு முறை எழுதிப் பார்த்தேன், நான்கு முறையும் ஓட்வே வாயைத் திறக்கவில்லை. பாத்திரத்தில் கோளாறு. அதனால் அவனுக்கு ஜலதோஷம் என்று லீவு எழுதவைத்து, ரயிலேற்றி அனுப்பினேன். சரி, நானே போனேன்.

நான்கேரோ என் காலணிகளைப் பார்த்தார்.

“நீங்கதான் மாற்றாளா தம்பி? கடல்ல எத்தனை வருஷம்?”

“படகுல வந்தேனே, கால் மணி நேரம்.”

“அது போதும், கப்பல் எங்கயும் போகாது. பம்பு மட்டும் அடிங்க. கைப்பிடி இடது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், என் மாமியார் மாதிரி.”

கையெழுத்துப் போட்டேன். அவர் கோட்டில் தூசி தட்டிக்கொண்டு படகில் இறங்கினார். இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கரைக்குப் போகிறவர், கப்பலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

5

முடிவு அ: நான்கேரோ திரும்பி வரவில்லை. தீவிலேயே தங்கி மீன் பிடிக்கிறார். (எனக்குப் பிடித்த முடிவு. பழி அவர் மேல் போய்விடும்.)

முடிவு ஆ: நான் ஒரு மாலை தூங்கிவிட, கப்பல் மூழ்கி, பட்டியல் உண்மையாகிறது. (லாதமுக்குப் பிடிக்கும்.)

நடந்தது: செவ்வாய்க்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். கையில் எனக்கென்று ஒரு துண்டு குங்குமப்பூக் கேக்.

“வராமலே இருந்திருக்கலாமே, உங்களை யார் கேக்கப்போறா?”

“நீங்க நிக்கிறீங்களே தம்பி.” பம்பறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “லவ்டே அழுதா. அடுத்து எப்பப்பா வருவேன்னு கேட்டா. என்ன சொல்ல? அது கெடக்கட்டும். கரையில கேள்விப்பட்டேன், கப்பல் உடைஞ்சுடுச்சுன்னு எவனோ எழுதினானாமே, அவனை உங்களுக்குத் தெரியுமா? கோபமெல்லாம் இல்ல. சும்மா கேக்கணும்.”

“அது நா

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அங்கும் அப்படித்தான் விட்டேன். கேக்கை வாயில் அடைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

6

கப்பலை அவரிடமே திரும்ப ஒப்படைத்துவிட்டு, ரயிலில் அந்த வாக்கியத்தைக் கடிதமாக எழுதி முடித்தேன். ‘எமர்டன் உடைக்கப்படவில்லை. தவறாக எழுதியவன் நான். ஜேபஸ் நான்கேரோவைக் கரைக்கு வரவிடுங்கள்.’ கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் போடாமலே மூன்று தபால் பெட்டிகளைத் தாண்டி வந்துவிட்டேன்.

எனவே கடிதத்தை இந்தக் கதையோடு சேர்த்து உங்களுக்கே அனுப்புகிறேன். உறையில் விலாசம் இருக்கிறது, தபால்தலையும் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் போட்டால் என் வேலை போகும், அவர் மகளைப் பார்க்கப் போவார். போடாவிட்டால் நாளை காலை ஒன்பது மணிக்கு நான் வழக்கம்போல் அலுவலகத்தில் இருப்பேன். தயவுசெய்து என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.