வாவி தாண்டி முதலில் வருபவனுக்கு வைத்த சோறு

பட்டிருப்புப் பாலத்துக் காவலரணில் பெயரைப் பதிந்துவிட்டுச் சைக்கிளில் ஏறும்போது மணி ஏழு ஐம்பது. பேரின்பம் அதைக் கொப்பியில் எழுதினான். கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுவது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெட்டி, ஏழு நாற்பத்தெட்டு என்று திருத்தினான்.

பகலில் கந்தோரில் தட்டச்சு, மாலையில் வரலாற்று வகுப்பு. பழைய ஊர் ஒன்றை நேரில் பார்த்து எழுதிவரச் சொன்னார் ஆசிரியர். மற்றவர்கள் பட்டணத்துக் கோட்டையோடு நின்றுகொண்டார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குத் தனியாகப் போக யாருக்கு விசர்? பேரின்பம் மட்டும் போரதீவு, பழுகாமம், மண்டூர் என்று மூன்று ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் போட்டிருந்தான். மண்டூரிலிருந்து ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் கடைசிப் பாதை நாலு மணிக்கு. அந்த மிதவையைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். ஏன் தங்கினாய் என்று மறுநாள் காவலரணில் கேட்டால், கோயில் பார்த்தேன் என்ற பதிலை எவன் நம்புவான்?

பழுகாமத்துக் கோயிலில் தூண்களை இரண்டு தரம் எண்ணினான். இரண்டு தரமும் வேறு வேறு கணக்கு வந்தது. இரண்டையும் எழுதிவிட்டுப் புறப்பட்டான். வயல்வெளி வீதியில், பின்னால் மீன்பெட்டி கட்டிய ஒருவர் அவனோடு சேர்ந்து சைக்கிள் மிதித்தார்.

"என்ன தம்பி, கோயில்ல பாத்தன், தூணுக்கெல்லாம் பேர் வைக்கிறீங்களோ? எவடம்?"

"எழுவான்கரை, வாவிக்கு அங்கால. மண்டூருக்குப் போறன்."

மீன்காரரின் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று நின்றது. "சாப்பிட்டாச்சோ?"

"இல்ல. அங்க ஒரு கடையில..."

"நல்லம். ஒண்டையும் வாயில வைக்காம வாங்க. நான் முன்னுக்குப் போய்ச் சொல்லிர்றன்."

யாரிடம் சொல்வார் என்று கேட்பதற்குள் அவர் வெகுதூரம் போய்விட்டார்.

மண்டூர்ச் சந்தியில் தேநீர்க்கடைக் கண்ணாடிப்பெட்டிக்குள் பணிஸ் அடுக்கியிருந்தது. பேரின்பம் இரண்டு கேட்டான்.

"பணிஸ் இல்ல," என்றான் கடைக்காரன்.

"அந்தா கிடக்கே."

"அது வித்த பணிஸ்." வாங்கில் இருந்த நாலு பேரும் தேநீரை நடுவில் விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள். "பசி கெட்டுப் போகும் தம்பி. இரிங்க, கூட்டிப்போக வருவாங்க."

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இராசாத்தி என்று கடைக்காரன் சொன்னான். "எழும்புங்க. அம்மா பாத்துக்கொண்டு இருக்கா," என்றாள் அவள். ஏன் எழும்பினோம் என்று பேரின்பத்துக்கே விளங்கவில்லை. போகும் வழியெல்லாம் வேலியோரத்தில் ஆட்கள் நின்றார்கள். கிழவர் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கிணற்றடியில் அவன் கைகழுவ வார்த்துக்கொண்டே இராசாத்தி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் குணரெத்தினம் சந்தைக்கெண்டு போய் ஏழு வருசம். வரல்ல. இண்டைக்கு அவனுக்குச் சோறு படைக்கச் சொன்னான் குறி சொல்றவன். வாவி தாண்டி முதல் வாற ஆம்பிளை பசியோட வந்து அதைத் திண்டா அண்ணன் உசிரோட இருக்கான். தொடாமப் போனா, செத்தவனுக்குச் செய்யிற எட்டும் முப்பத்தொண்டும் செய்து முடிக்கச் சொல்லி."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"தொடாதீங்க." வார்ப்பதை நிறுத்திச் செம்பை நிமிர்த்தினாள். "எனக்குக் கலியாணத்துக்கு ஒரு இடம் பேசி நாலு வருசம். அண்ணன் வரட்டும் எண்டு அம்மா பிடிச்ச பிடி. மூண்டு வேளையும் அவனுக்குக் கோப்பையில போட்டு வைச்சுப் பூனைக்குக் கொட்டுறன். நீங்க திண்டிட்டுப் பாதை ஏறிருவீங்க. மறுகா நான் எத்தினை வருசம் கொட்டோணும்?"

நடு அறையில் ஒரேயொரு வாழையிலை. சூடு ஆறாத சோறு, இறால் குழம்பு, சுண்டங்காய்ப் பொரியல். இலைக்கு எதிர்ப்புறம் ஒரு கதிரையில் மடிப்புக் குலையாத சேர்ட் தொங்கியது. உள்ளறைக் கதவின் விளிம்பில் ஒரு கிழட்டுக் கையின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"இரிங்க மனே. வெக்கப்படாதீங்க. இறால் எண்டா அவனுக்கும் உசிர்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

பேரின்பம் உட்கார்ந்தான். விடியற்காலையில் குடித்த வெறுந்தேநீருக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. குழம்பு வாசத்தில் வாய் ஊறியது. தின்றால் கதவுக்குப் பின்னால் இருப்பவள் இன்னும் சில வருசம் உயிரோடு இருப்பாள். வாசலில் செம்போடு நிற்பவள் செத்துப்போவாள். எதைச் செய்தாலும் பிழைதான் என்று பட்டது. வாசலைப் பார்த்தான். இராசாத்தி வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

அவன் எழுந்தான். முகம் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கம் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துக் கதவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, எனக்குப் பசியில்ல. குறை நினைக்காதீங்க."

விரல்கள் கதவிலிருந்து மெல்ல விடுபட்டன. உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. அவ்வளவுதான்.

பின்னால் செம்பு விழுந்து உருண்டது.

பேரின்பம் திரும்பினான். இலையில் சோறு குழிந்திருந்தது. நாலு விரல் அள்ளிய தடத்தில் குழம்பு வழிந்து நிறைந்துகொண்டிருந்தது. குழி அவன் இருந்த பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில். உரித்த இறால் தலை ஒன்று இலையின் ஓரத்தில் ஒழுங்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அவன் வலது கையை இராசாத்தியிடம் நீட்டினான். கிணற்றுத் தண்ணீர் இன்னும் விரல் நுனியில் சொட்டியது. ஒரு பருக்கைகூட இல்லை. அவள் கையைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், பிறகு அந்த வெறும் கதிரையைப் பார்த்தாள்.

"போங்க," என்றாள் அவனிடம். "கடைசிப் பாதை போயிரும்."

அவன் சைக்கிளைப் பிடித்தும் ஏறத் தோன்றாமல் முற்றத்தில் நின்றான். உள்ளே இராசாத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பானையை இழுத்து இலைக்கு எதிரே குந்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ, அண்ணா?"