ஒரு வரி, ஒரு பயணம்

அந்த விமானத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் பன்னிரண்டு வருட வாழ்க்கையை வரி வரியாகக் கணினியில் ஏற்றியவள் நான்தான். பிழையில்லாமல் செய்தேன் என்று அலுவலகத்தில் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கினேன்.

மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பழைய காகிதங்களைப் பார்த்துக் கணினியில் பதிந்து தருவது எங்கள் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் பசிபிக் தீவுகளிலிருந்து ஒரு சின்ன விமான கம்பெனியின் தாள்கள் வந்தன. புயலில் நனைந்து, காய்ந்து, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்ட தாள்களை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். கம்பெனி கைமாறியிருந்தது, விவரம் தெரிந்த பழைய ஆட்கள் யாரும் மிச்சமில்லை. விமானம் ட்வின் ஆட்டர் என்ற சின்ன வகை. பத்தொன்பது இருக்கை, 1973-இல் செய்தது. இவ்வளவு பழசையா டிக்கெட் போட்டு ஓட்டுகிறார்கள் என்று நான் வாயைப் பிளந்தேன். டீம் லீடர் மஞ்சுநாத் சிரித்தார். கொலம்பியாவில் இதற்கும் முப்பது வருடம் மூத்த டிசி-3 இன்னும் ஆள் ஏற்றுகிறது என்றார். விமானத்தின் வயதை வருடத்தில் பார்க்கக்கூடாது, எத்தனை முறை பறந்தது என்பதில்தான் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். அந்த எண்ணிக்கைதான் கம்பெனிக்குத் தேவைப்பட்டது.

தாளில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி. கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், நடுவே தீவுகளின் பெயர்கள். எத்தனை முறை பறந்தது என்று எழுதவேண்டிய கட்டத்தைப் பைலட்டுகள் நிரப்பியதே இல்லை. அதில் என்ன போடுவது என்று டீமில் பேச்சு வந்தபோது முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொன்னது நான். சாமராஜநகர் பஸ் கடகோளாவில் நிற்கிறது, நஞ்சன்கூட்டில் நிற்கிறது. அதற்காக அதை மூன்று நடை என்றா சொல்கிறோம்? ஒரு வரி, ஒரு பயணம். ஒன்று என்று போட்டால் போதும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மஞ்சுநாத் அதை விதியாகவே எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏழாயிரத்து இருநூறு வரிகள், எல்லாவற்றிலும் ஒன்று. கடைசித் தாளில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

என் தங்கை ஷாரன் நர்ஸ். அந்தத் தீவுகளில் வேலை காலியிருக்கிறது என்று விளம்பரம் வந்தபோது அவளை விண்ணப்பிக்கச் சொன்னதும் நான்தான். போன வருடம் போய்ச் சேர்ந்தாள். இந்த மாதம் பயிற்சிக்காகத் தலைநகரத் தீவுக்கு வந்திருந்தவள், வெள்ளிக்கிழமை தன் தீவுக்குத் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் போனில் புலம்பினாள்.

"இந்தப் பழைய ப்ளேன் ஏழு எடத்துல எறங்கி ஏறுதுக்கா. காது அடைச்சு, வயித்தப் பெரட்டி, ஊர் சேர்றதுக்குள்ள உயிரே போயிடுது."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில், சுவரில் ஒட்டிய அந்த விதி நினைவுக்கு வந்தது.

போனை வைத்ததும் தேடிப் படித்தேன். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் இறக்கை வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. உலோகத்துக்கு அதுதான் வயது. அந்த வகை விமானத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் முறைதான் கெடு. அதற்குமேல் இறக்கையையே மாற்றியாக வேண்டும். எங்களிடம் வருவதற்கு முன்பே தொண்ணூற்றோராயிரம் ஆகியிருந்தது. நாங்கள் சேர்த்தது ஏழாயிரத்து இருநூறு. வரிக்கு ஏழு என்று சேர்த்திருக்க வேண்டியதோ ஐம்பதாயிரத்து நானூறு. கெடு என்றைக்கோ தாண்டிவிட்டது. தாண்டியது யாருக்கும் தெரியாமல் அது தினமும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

மஞ்சுநாத்துக்கு போன் செய்தேன். அவர் கன்னடத்தில், மெதுவாக, நம் எண்ணை நம்பித்தான் கம்பெனி புது இறக்கைக்கான ஆர்டரை ரத்து செய்தது என்றார். திங்கட்கிழமை மேலிடத்தில் பேசலாம், அதுவரை மெயில் எதுவும் வேண்டாம், எழுதினால் நம் இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்றார். நான் சரி என்றேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஷாரனை மட்டும் கூப்பிட்டு, காரணத்தைச் சொல்லி, ஏறாதே என்றேன். அன்று தூங்கியும் தூங்கினேன். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, காந்திநகர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். அங்கே அப்போது உச்சிப்பொழுது.

"ஏறலக்கா. என் சீட்ட ஒரு பொம்பளைக்குக் குடுத்துட்டேன். பத்து நாள் கொழந்தய வச்சிக்கிட்டு வெயிட்டிங்ல நின்னுட்டிருந்தா. இங்க ஆஸ்பத்திரியில பிரசவம் பாத்ததே நான்தான்."

நான் படியிலிருந்து எழுந்து நின்றேன்.

"அக்கா? கம்பெனிக்குச் சொல்லிட்டதானே? அதான் ஏதோ சரி பண்ணி அனுப்பறாங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு மட்டும்தான் சொன்னியா?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் சன்னமாகக் கேட்டாள்.

உடனே எழுதினேன். என் பெயர், என் தவறு, சரியான எண்ணிக்கை, எல்லாம். விமான கம்பெனிக்கும் அந்த நாட்டு விமானத்துறைக்கும் அனுப்பினேன். ஷாரன் விமான நிலையக் கவுன்ட்டருக்கு ஓடினாள். விமானம் கிளம்பிவிட்டது, ஐம்பது வருடமாகப் பறக்கிறது, ஒன்றும் ஆகாது என்று அங்கிருந்த பெண் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாளாம்.

ஒவ்வொரு தீவிலும் ஷாரனுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். விமானம் இறங்க இறங்க அவர்கள் அவளுக்குச் சொல்ல, அவள் எனக்கு எண்ணை மட்டும் அனுப்பினாள். ஒன்று. இரண்டு. நான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கோடு போட்டேன். பன்னிரண்டு வருடத் தாளில் எண்ணாததை அன்றைக்கு எண்ணினேன். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு ஏழு வந்தது. தாயும் பிள்ளையும் இறங்கிவிட்டார்கள். படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கம்பெனியிலிருந்து பதில் வந்திருந்தது. மரியாதையான நாலு வரி. உங்கள் அக்கறைக்கு நன்றி. எங்கள் பதிவின்படி இவ்விமானம் கெடுவுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அதற்கான சான்றை இணைத்துள்ளோம். சேவை வழக்கம்போல் தொடரும்.

இணைப்பைத் திறந்தேன். ஏழாயிரத்து இருநூறு வரிகளுக்குக் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், வால் சுழித்துப் போட்ட என் கையெழுத்து இருந்தது.

விமானத்துறை எண்ணுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஷாரனின் செய்தி வந்தது.

"திரும்பக் கெளம்பிடுச்சாம்க்கா. எல்லா சீட்டும் ஃபுல்."

போனைக் காதில் வைத்தபடியே, எட்டாவது கோட்டுக்காகப் பேனாவைத் தாள்மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.